தெருச் சந்தியைத் திருத்திய மக்கள்

நகரத்தில் வாழ்வோர் நாள்தோறும் செய்யும் செயல்களுள் மிக எளியதாகத் தோன்றுவது ஒன்று. இடர் மிகுந்ததும் அதுவே. அது, தெருவைக் கடந்து எதிர்ப்புறம் சேர்வது. பள்ளிக்குச் செல்லும் சிறுவனும், கடைக்குச் செல்லும் தாயும், கோலூன்றி நடக்கும் முதியவரும் இதனைச் செய்தே தீரவேண்டும். தெருவின் அகலம் முப்பது நாற்பது அடிக்கு மேல் இராது. எனினும், அதைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் அவர்களுடைய உயிர் முன்பின் அறியாத ஒருவருடைய கவனத்தை நம்பியிருக்கிறது. அவருடைய கண் வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடரின் தன்மையைத் தெளிவாக அறியச் சிறிது கணக்கு வேண்டும். 36 அடி, அஃதாவது ஏறத்தாழ 11 மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். இயல்பான நடையில் செல்பவர் ஒரு நொடிக்கு 1.2 மீட்டர் தொலைவு நடப்பார். ஆகவே, அத்தெருவைக் கடக்க அவருக்கு 9 நொடிகள் வேண்டும். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் வண்டி அதே 9 நொடிகளில் 120 மீட்டர் வந்துவிடும். நடப்பவர் தெருவில் இறங்கும்போது கண்ணுக்கெட்டாத தொலைவில் இருந்த வண்டி, அவர் மறுகரை சேர்வதற்குள் அவரை நெருங்கிவிடும் என்பதே இதன் பொருள்.

வண்டியை ஓட்டுபவர் நடப்பவரைக் கண்டுவிட்டாலும் வண்டி உடனே நின்றுவிடுவதில்லை. கண் கண்டதை மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி சில மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்த பிறகும் மேலும் சில மீட்டர் ஓடியே நிற்கிறது. இங்கிலாந்தின் சாலை விதிநூல் தரும் கணக்கின்படி, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டதிலிருந்து 23 மீட்டர் சென்றே நிற்கும். 32 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 12 மீட்டருக்குள் நின்றுவிடும். வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், நிற்பதற்கு வேண்டிய தொலைவில் பாதி குறைந்துவிடுகிறது. காருக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை தெருவில் இறங்கிவிட்டதாகக் கொள்வோம். மெல்ல வந்த கார் குழந்தைக்கு 3 மீட்டர் முன்பாகவே நின்றுவிடும். விரைந்து வந்த காரோ, பிரேக் பிடித்தும், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துடன் குழந்தையின்மேல் மோதும். ஆதலால், தெருவைக் கடக்கும் இடங்களைப் பற்றி எண்ணுவோர் அனைவரும் இரண்டு கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். ஓட்டுபவர் நடப்பவரை உரிய நேரத்தில் காண்கிறாரா? கண்டபின் நிறுத்தக்கூடிய வேகத்தில் வருகிறாரா?

முதற் கேள்விக்கு விடை காண அரசாங்கங்கள் நெடுநாளாக முயன்று வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1934-ஆம் ஆண்டில் போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா என்பவர், மக்கள் கடக்க வேண்டிய இடங்களில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த கம்பங்களை நாட்டி, அவற்றின் உச்சியில் செம்மஞ்சள் நிற உருண்டைகளைப் பொருத்தச் செய்தார். தரையில் வரிசையாகக் குமிழ் ஆணிகள் பதிக்கப்பட்டன. நடப்பவர் குனிந்து பார்த்து அவ்வாணிகளை அறிந்துகொண்டார். வண்டியில் விரைந்து வருபவருக்கோ அவை கண்ணில் படவே இல்லை. இக்குறையைப் போக்க 1949-ஆம் ஆண்டில் பலவிதக் குறிகள் இட்டுச் சோதனை செய்தனர். தொலைவிலிருந்தும் தெளிவாகத் தெரிந்தவை அகன்ற வெள்ளைப் பட்டைகளே. 1951-ஆம் ஆண்டில் அவை சட்டமாயின. வரிக்குதிரையின் உடலை நினைவூட்டியதால் அவ்விலங்கின் பெயரையே பெற்று, பின்னர் உலகெங்கும் பரவின.

ஆனால், பெரிய சாலைகளுக்குக் கிட்டிய இந்தக் கவனிப்பு சிறு தெருக்களுக்குக் கிட்டவில்லை. ஒரு நகரத்தில் தெருக்கள் கூடும் மூலைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை அனைத்திலும் பட்டையடிப்பதும் விளக்குக் கம்பம் நாட்டுவதும் எந்த நகராட்சிக்கும் இயலாத செயல். அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய ஒரிகன் மாநிலத்தின் சட்டம் இதற்கு ஒரு வழி கூறுகிறது. கோடு இட்டிருப்பினும் இல்லாவிடினும் தெருக்கள் கூடும் ஒவ்வொரு மூலையும் நடப்போர் கடக்குமிடமே என்பது அச்சட்டம். அங்கே ஒருவர் கடக்கும்போது வண்டிகள் நின்று வழிவிட வேண்டும். சட்டம் நல்லதுதான். ஆயினும் வண்டியோட்டியின் கண்முன் தெரிவது சட்டப் புத்தகம் அன்று, வெறுந் தார்ச்சாலை. கடக்குமிடம் அங்கே இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்வார் யார்? ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில், ஒரு சந்தியைச் சுற்றி வாழ்ந்த மக்கள் அப்பொறுப்பைத் தாமே மேற்கொண்டனர்.

போர்ட்லாந்து, வில்லமெட் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த நகரம். 1845-ஆம் ஆண்டில் இதன் நிலத்துக்கு உரியவராயிருந்த இருவர், தத்தம் ஊரின் பெயரையே புது நகருக்கு இடவேண்டும் என்று வாதிட்டு, முடிவில் நாணயம் சுண்டிப் பார்த்தனர் என்பது வரலாறு. வென்றவர் போர்ட்லாந்துக்காரர்; தோற்றவர் வென்றிருந்தால் இன்று அது பாஸ்டன் என்று வழங்கும். நகரத்தைச் சதுரங்கப் பலகைபோல் நேர்நேராக வகுத்தார்கள். நகரின் நடுப்பகுதியில் ஒவ்வொரு கட்டமும் 200 அடிக்கு 200 அடியாகும். கட்டங்கள் சிறியனவாகையால் தெருக்கள் பல. அங்கே ஒரு மைல் நடப்பவர் ஏறக்குறைய இருபது தெருக்களைக் கடக்க வேண்டும்.

இவ்வாறு நிலத்தைச் சதுரமாக வெட்டும் வழக்கம் போர்ட்லாந்துக்கு மட்டும் உரியதன்று. 1785-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய நிலச் சட்டம், மேற்கே பரந்து கிடந்த நிலத்தை ஆறு மைல் சதுரங்களாகவும், அவற்றை ஒரு மைல் சதுரங்களாகவும் பகுத்து விற்க வழிசெய்தது. விற்பதற்கும் வாங்குவதற்கும் இதைவிட வசதியான முறை இல்லை. காட்டையும் மேட்டையும் காணாமலே காகிதத்தில் கோடு கிழித்து விற்றுவிடலாம். ஆனால் அக்கோடுகளுக்கிடையே, ஊர் மக்கள் கூடி நின்று பேசுவதற்கென ஓரிடம் விட வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் எழவில்லை. பழைய இத்தாலிய நகரங்களில் தெருக்கள் ஒன்றுகூடும் இடம் அகன்ற முற்றமாக இருக்கும். அங்கே சந்தை கூடும், நீரூற்று இருக்கும், முதியோர் அமர்ந்திருப்பர். தமிழிலும் சதுக்கம் என்னும் பழைய சொல் நான்கு தெருக்கள் கூடும் இடத்தையே குறிக்கிறது. புகார் நகரத்துச் சதுக்கத்தைப் பற்றிச் சிலப்பதிகாரம் பேசுகிறது. சதுரங்கப் பலகைத் தெருக்களிலோ, சந்தி என்பது இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியாகவே நின்றுவிட்டது. அதை விரைந்து கடப்பதன்றி வேறு எதற்கும் அது பயன்படவில்லை.

இக்குறையை ஆழ்ந்து எண்ணியவர் மார்க் லேக்மன் என்னும் கட்டடக் கலைஞர். அவர் பல நாடுகளில் பயணம் செய்து, மெக்சிகோ நாட்டுக் காடுகளில் வாழும் மாயா இனத்தவரோடும் தங்கிப் பழகியவர். அவர்கள் ஊர்களில் மக்கள் நாள்தோறும் ஒருவரை ஒருவர் சந்திக்கும் பொதுவிடங்கள் இருந்ததைக் கண்டார். ஊர் திரும்பியபோது, தம் தெருவில் அண்டை வீட்டார் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் வாழ்வது அவருக்குப் புதுமையாகத் தோன்றியது. அவர் வாழ்ந்த பகுதி செல்வுட் என்பது. அது முன்னொரு காலத்தில் தனி ஊராக இருந்து, 1893-ஆம் ஆண்டில் போர்ட்லாந்துடன் இணைந்தது. அங்கே 9-ஆம் தெருவும் ஷெரட் தெருவும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. நான்கு மூலைகளிலும் வீடுகள். நடுவில் வெறுந் தார்ச்சாலை. பெருஞ்சாலையின் நெரிசலுக்குத் தப்ப விரும்பிய கார்கள் இத்தகைய குடியிருப்புத் தெருக்களைக் குறுக்கு வழியாகக் கொண்டன.

லேக்மனும் அவர் நண்பர்களும் முதலில் சாலையில் கை வைக்கவில்லை. ஒரு வீட்டின் தோட்டத்தில், பிறர் பயன்படுத்தி ஒதுக்கிய பொருள்களைக் கொண்டு ஒரு தேநீர்க் குடிலை அமைத்தனர். திங்கட்கிழமை தோறும் மாலையில் யார் வேண்டுமானாலும் அங்கு வரலாம். வருவோர் ஆளுக்கொரு உணவைச் சமைத்துக்கொண்டு வந்து பகிர்ந்து உண்டனர். நாளடைவில் வருவோர் தொகை நூற்றுக்கணக்காகப் பெருகியது. கட்டட விதிகளுக்கு உட்படாத அமைப்பு என்று நகர ஆட்சியினர் அதனை அகற்றச் செய்தனர். குடில் போயிற்று, ஆனால் மாலை தோறும் சந்தித்துப் பழகிய மக்கள் இருந்தனர். கூடுவதற்குத் தனியார் தோட்டம் இல்லையென்றால், அவர்கள் அனைவரும் நாள்தோறும் கடந்து செல்லும் சந்தியே ஏன் அவ்விடமாக ஆகக்கூடாது என்ற எண்ணம் பிறந்தது.

1996-ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர்கள் சந்தியை மூடினார்கள். தெருவாசிகள் கூடி விழா நடத்துவதற்காகத் தெருவைச் சில மணி நேரம் அடைத்துக்கொள்ள அந்நகரில் அனுமதி உண்டு. அன்று பெரியோரும் சிறுவரும் தூரிகை ஏந்தித் தரையில் வண்ணந் தீட்டினர். சந்தியின் நடுவே பெரிய வட்டங்கள். அவற்றிலிருந்து நான்கு மூலைகளையும் இணைக்கும் கோடுகள். அதுவரை நான்கு துண்டுகளாகக் கிடந்த இடம், மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரே முற்றம்போல் காட்சியளித்தது. ஷெரட் என்னும் தெருப்பெயரைச் சற்றே மாற்றி ஷேரிட் சதுக்கம் என்று அதற்குப் பெயரிட்டனர். பகிர்ந்துகொள்வாய் என்பது அவர்கள் மொழியில் அச்சொல்லின் பொருள்.

நகரின் போக்குவரத்துத் துறை இதனை ஏற்கவில்லை. சாலையில் எவரும் தம் விருப்பம்போல் எழுதவோ தீட்டவோ கூடாது, தீட்டியதை அகற்றவேண்டும், தவறினால் தண்டம் விதிக்கப்படும் என்று அறிவித்தது. இவ்விடத்தில் அதிகாரிகளைக் குறை கூறிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் பக்கத்து நியாயத்தையும் காணவேண்டும். சாலைக் குறிகள் ஒரு மொழி போன்றவை. ஓர் ஊரில் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு பொருளும் அடுத்த ஊரில் வேறொரு பொருளும் இருந்தால், ஓட்டுபவர் மயங்குவார். மயக்கம் விபத்தாக முடியும். மழையில் வண்ணத்தின்மீது சக்கரம் வழுக்கலாம். ஒருவர் பூவரைந்தால், மற்றொருவர் தம் கடையின் விளம்பரத்தை வரைவார். இவற்றுக்கெல்லாம் விடை சொல்லவேண்டியவர்கள் அவர்களே. சாலை பொதுச்சொத்து என்று அதிகாரிகளும் சொன்னார்கள், மக்களும் சொன்னார்கள். எவருக்கும் உரியதன்று என்னும் பொருளில் அதிகாரிகள் சொன்னார்கள். எல்லார்க்கும் உரியது என்னும் பொருளில் மக்கள் சொன்னார்கள். வழக்கு முழுவதும் இந்த ஒரு சொல்லின் பொருளில்தான் இருந்தது.

மக்கள் வண்ணத்தை அழிக்கவுமில்லை, ஆட்சியினரோடு பூசலிடவுமில்லை. நகர மன்ற உறுப்பினர்களையும், அப்போது மேயராயிருந்த வீரா காட்ஸ் அம்மையாரையும் அணுகித் தங்கள் கருத்தை எடுத்துரைத்தனர். நகரம் நெடுநாளாகத் தன் திட்டங்களில் எழுதிவைத்த நோக்கங்கள், அதாவது வண்டிகளின் வேகம் குறையவேண்டும், மக்கள் நடந்து செல்லவேண்டும், அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் துணையாகவேண்டும் என்பன, ஒரு காசும் செலவின்றி அச்சந்தியில் நிறைவேறி வருவதைச் சுட்டிக் காட்டினர். அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்டபோது, கார்கள் மெல்லச் செல்வதாகவும் தெருவில் அச்சமின்றி நடமாட முடிவதாகவும் பெரும்பாலோர் கூறினர். மன்றம் அதனை ஏற்று முதலில் ஒரு சோதனையாக இசைவளித்தது. சில ஆண்டுகளுக்குள் நகரின் எப்பகுதி மக்களும் இவ்வாறு செய்யலாம் என்று பொது விதியே வகுக்கப்பட்டது.

அவ்விதியின் நிபந்தனைகள் கருதத்தக்கவை. நாளொன்றுக்கு 2,500 வண்டிகளுக்கு மேல் செல்லாத சிறு தெருவாக அது இருக்கவேண்டும். சந்தியை ஒட்டிய வீட்டார் அனைவரும் ஒப்பவேண்டும். சுற்றியுள்ள இரண்டு கட்டங்களுக்குள் வாழ்வோரில் நூற்றுக்கு 80 பேர் கையொப்பமிட வேண்டும். இவற்றுள் முதலாவது பொறியாளர் கேட்டது. அது எளிது; எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். கையொப்பம் பெறுவதோ எளிதன்று. வண்ணந் தீட்ட விரும்புவோர் வீடு வீடாகச் செல்லவேண்டும். கதவைத் தட்டவேண்டும். வேண்டாம் என்பவரிடம் ஏன் வேண்டாம் என்று கேட்டு, அதற்கேற்பப் படத்தை மாற்றவேண்டும். ஒரு வீட்டார் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். பத்தாண்டுகள் எதிரெதிர் வீட்டில் வாழ்ந்தும் பேசிக்கொள்ளாதவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கையொப்பத்துக்காகத்தான். வண்ணம் தரையில் விழுமுன்பே இத்திட்டத்தின் பயன் பாதி கிடைத்துவிடுகிறது என்று கூறினால் மிகையாகாது.

வண்ணம் வண்டியின் வேகத்தை எவ்வாறு குறைக்கும் என்ற ஐயம் எழலாம். வண்ணம் சுவரன்று, சக்கரத்தைத் தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஆயினும் ஓட்டுபவர் வேகத்தை அறிவிப்புப் பலகையைக் கண்டு மட்டும் அமைத்துக்கொள்வதில்லை. சாலையின் தோற்றத்தைக் கண்டே பெரிதும் அமைத்துக்கொள்கிறார். அகன்று, நேராக, வெறுமையாகக் கிடக்கும் சாலை விரைவாகச் செல் என்று அவருக்குச் சொல்லாமல் சொல்லுகிறது. தரையில் எதிர்பாராத ஓவியம் ஒன்று விரிந்து கிடந்தால், இது என்ன இடம் என்று அவர் மனம் வினவுகிறது. கால் தானே தளர்கிறது. அத்துடன் மூலையில் நான்கு பேர் அமர்ந்து பேசிக்கொண்டும், குழந்தைகள் விளையாடிக்கொண்டும் இருந்தால், இன்னும் மெல்லச் செல்கிறார். ஆகவேதான் செல்வுட் மக்கள் தரையோடு நின்றுவிடவில்லை. மூலைகளில் சிறுவர்க்கு ஒரு விளையாட்டு வீடு, செய்திகள் எழுதும் பலகை, தோட்டத்தில் மிகுந்த காய்கனிகளை வைத்துச் செல்லும் தட்டு, இரவும் பகலும் யாரும் தேநீர் ஊற்றிக் குடிக்கக்கூடிய ஒரு மேடை ஆகியவற்றை அமைத்தனர். இவற்றில் ஒன்றுகூடச் சாலைப் பாதுகாப்புக் கருவி என்று எந்தப் பொறியியல் நூலிலும் இடம்பெறாது. ஆனால் தேநீர் குடிக்க நிற்கும் ஒருவர், அச்சந்தியில் இரண்டு கண்களைக் கூடுதலாக வைக்கிறார்.

செல்வுட்டில் தொடங்கிய பணி பரவியது. அதற்கெனச் சிட்டி ரிப்பேர், அஃதாவது நகரைச் செப்பனிடுதல் என்னும் பெயருடன் ஒரு கழகம் எழுந்தது. 2001-ஆம் ஆண்டில் சன்னிசைடு என்னும் பகுதியில் 33-ஆம் தெருவும் யாம்ஹில் தெருவும் கூடும் சந்தியில் மிகப் பெரிய சூரியகாந்திப் பூ ஒன்று தரையில் மலர்ந்தது. இதழ்கள் நான்கு மூலைகளையும் நோக்கி விரிந்தன. இத்தகைய சந்திகளின் ஓரத்தில் அமர இருக்கைகளும் செய்தனர். களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் கலந்து காலால் மிதித்துப் பிசைந்து, கையால் பிடித்துச் செய்த இருக்கைகள் அவை. மண்சுவர் எழுப்பிப் பழகிய சிற்றூர்களில் இது எவருக்கும் தெரிந்த தொழில். காங்கிரீட்டும் இரும்பும் நிறைந்த அந்நகரில் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதிலும் ஒரு நன்மை உண்டு. மண் மிதிக்கக் குழந்தைகளை அழைக்க வேண்டியதில்லை; அவர்களே வருவர்.

சன்னிசைடு சந்தியைப் பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளர் யான் செமென்சா ஆராய்ந்து 2003-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சந்தியைச் சுற்றி வாழ்வோரில் நூற்றுக்கு 65 பேர், தங்கள் பகுதி வாழ்வதற்கு மிகச் சிறந்தது என்றனர். அடுத்த பகுதியில் அவ்வாறு கூறியவர் 35 பேரே. இவ்வெண்களை அப்படியே வண்ணத்தின் வெற்றி என்று கொள்வதற்கில்லை. வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கும் ஆர்வமுடையவர்கள் வாழும் தெரு, தொடக்கத்திலேயே சற்று நல்ல தெருவாக இருந்திருக்கலாம் அல்லவா? ஆயினும் அம்மக்கள் தம் தெருவை எவ்வாறு கருதினர் என்பதை அவை காட்டுகின்றன.

விபத்துகளைப் பற்றிய சான்று பின்னரே கிடைத்தது. அமெரிக்காவின் பல ஊர்களில் இவ்வாறு வண்ணந் தீட்டப்பெற்ற 17 இடங்களில், தீட்டுவதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்துகளை ஒப்பிட்டு 2022-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் சிக்கிய விபத்துகளின் விகிதம் அவ்விடங்களில் பாதியாகக் குறைந்திருந்தது; எவரேனும் காயமுற்ற விபத்துகள் நூற்றுக்கு 37 பங்கு குறைந்திருந்தன. பதினேழு இடங்கள் மிகச் சில; இவ்வோவியப் பணியை ஊக்குவிக்கும் அறநிலையத்தின் பொருட்டே அவ்வாய்வும் நடந்தது. எனினும், வண்ணத்தால் விபத்து பெருகும் என்று அஞ்சியவர்களுக்கு அது ஒரு விடை.

வேறு சில தடைகள் அவ்வளவு எளிதில் தீர்வன அல்ல. அமெரிக்கக் கூட்டரசின் நெடுஞ்சாலைத் துறை, கடக்குமிடத்தின் வெள்ளைக் கோடுகளுக்கிடையே பல நிற ஓவியம் தீட்டலாகாது என்று 2013-ஆம் ஆண்டில் விளக்கம் தந்தது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடுதான் கோட்டைத் தொலைவிலிருந்து காட்டுகிறது. இடையில் வேறு நிறங்கள் புகுந்தால் அவ்வேறுபாடு மங்கும் என்பது அத்துறையின் வாதம். 1949-ஆம் ஆண்டுச் சோதனையை நினைவில் கொண்டால், இதனை வீண் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பார்வை குன்றியவர்களின் குறையும் ஒன்று உண்டு. அவர்களுள் பலர் முழு இருளில் வாழ்பவர் அல்லர். வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்தறிவர். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அவர்களுக்கு வழிகாட்டி. வண்ணக் கோலத்தின் நடுவில் எங்கே கடப்பது என்று அவர்கள் தடுமாறுவதுண்டு. சந்தியின் நடுவில் படமும், கடக்குமிடத்தில் வழக்கமான வெள்ளைப் பட்டையும் இருந்தால் இரு சாராருக்கும் இடையூறு இல்லை.

மேலும், மக்களின் தூரிகை செய்ய முடியாத வேலைகள் பல உள்ளன. தெருவின் இருபுறமும் கார்கள் நிறுத்தப்பட்டிருக்கும் இடத்தில், அவற்றின் மறைவிலிருந்து வெளிப்படும் குழந்தையை ஓட்டுபவர் காணவே முடியாது. அங்கே நடைபாதையை மூலையில் மட்டும் ஒரு காரின் அகலத்துக்குத் தெருவுக்குள் நீட்டிக் கட்டினால் மறைவு நீங்குகிறது. கடக்கும் தொலைவும் குறைகிறது. பதினொரு மீட்டர்த் தெரு இருபுறமும் இரண்டிரண்டு மீட்டர் சுருங்கி ஏழு மீட்டராகிறது. ஒன்பது நொடி ஆறு நொடியாகிறது. அகன்ற சாலையானால் நடுவில் ஒரு திட்டு அமைத்து, பாதி கடந்தவர் நின்று மறுபாதியைப் பார்க்க வழிசெய்யலாம். கடக்குமிடத்தையே நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்கினால், எந்த ஓட்டுநரும் வேகத்தைக் குறைத்தே ஏறவேண்டும். இவை நகராட்சியின் பணமும் பொறியாளரின் அறிவும் வேண்டுவன. எந்த மூலையில் எவை வேண்டும் என்பதை முதலில் அறிபவரோ, அங்கே நாள்தோறும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்.

தரையில் தீட்டிய வண்ணம் நெடுநாள் நில்லாது. சக்கரங்கள் தேய்க்கின்றன, மழை கரைக்கிறது. போர்ட்லாந்தில் இலையுதிர் காலம் தொடங்கி இளவேனில்வரை மழை தூறிக்கொண்டே இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் சூரியகாந்தியின் இதழ்கள் வெளுத்து, நடுவில் தார் தலைகாட்டத் தொடங்கிவிடும். தேயாத வண்ணம் கண்டுபிடித்தால் என்ன என்று புதிதாகப் பார்ப்பவர் கேட்கக்கூடும். அத்தெருவாசிகளுக்கோ அது பெருங்குறையாகப் படுவதில்லை. வானம் வெளுத்துத் தரை காயும் கோடையில் ஒரு நாள் குறிக்கிறார்கள். காலையில் தெருவின் நான்கு வாயிலும் தடுப்புகள் வைக்கப்படுகின்றன. முதலில் துடைப்பம், பிறகு நீர். தரை உலர்ந்தபின், சந்தியின் நடுவில் ஒருவர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து நிற்க, மற்றொருவர் மறுமுனையில் சுண்ணக்கட்டியைக் கட்டி இழுத்துச் சுற்றிவர, வட்டம் விழுகிறது. பள்ளியில் கவராயம் கொண்டு வரையும் அதே வட்டந்தான்; கவராயத்தின் கால்களாக இரண்டு மனிதர் நிற்கின்றனர். கோட்டுக்குள் எந்த நிறம் என்று சிறுவர் எண்களை எழுதுகின்றனர். கடந்த ஆண்டுக்குப்பின் அத்தெருவுக்குக் குடிவந்த வீட்டாரிடமும் யாரோ ஒருவர் தூரிகையைக் கொடுக்கிறார். மாலையில் வண்ணம் காய்வதற்காகச் சந்தி மூடியே கிடக்கிறது. ஒரு கார்கூட வராத அத்தெருவின் நடுவில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, இருட்டும்வரை அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள்.